கால் கனத்தது எங்கிருந்து? மூச்சுத் தசைச் சோர்வு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

5,000 மீட்டர் ஓட்டம் என்றால் மைதானத்தில் 12½ சுற்று. முதல் ஏழெட்டுச் சுற்றுவரை பிள்ளைகள் எந்தக் குறையும் சொல்ல மாட்டார்கள். பத்தாவது சுற்றுக்கு மேல்தான் முகம் மாறும். தோள் மெல்ல மெல்லக் காதுப் பக்கம் ஏறும். வாய் திறந்தபடியே இருக்கும். கழுத்தின் இரண்டு பக்கமும் தசை கயிறு போலப் புடைத்து நிற்கும். ஓடி முடித்ததும் முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து நிற்பார்கள். என்ன ஆச்சு என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கால் கனத்துடுச்சு அண்ணா."

நானும் ஓடிய காலத்தில் இதையேதான் சொன்னேன். பிறகு வார இறுதிகளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தபோது, "காலுக்கு இன்னும் பலம் வேணும், மேட்டுல ஓடு" என்று அவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கழுத்தில் புடைத்த அந்தத் தசையைப் பார்த்தும் பார்க்காமல் விட்டேன். அது ஏன் புடைக்கிறது என்று தேடிப் படிக்கப் போய்தான் இந்த நிகழ்வுக்குள் வந்து சேர்ந்தேன்.

நிகழ்வு நடந்த இடம் அமெரிக்காவின் மேடிசன் நகரம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் ராங்கின் பெயரில் ஒரு நுரையீரல் ஆய்வுக்கூடம் உண்டு. அங்கே ஜெரோம் டெம்ப்ஸியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1990களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ பதினைந்து வருடம் ஒரே கேள்வியைத் துரத்தினார்கள்: ஆரோக்கியமான மனிதன் உயிரைக் கொடுத்து ஓடும்போதோ சைக்கிள் மிதிக்கும்போதோ அவனுடைய மூச்சுத் தசை சோர்கிறதா? சோர்ந்தால் அதற்கான விலையைக் கொடுப்பது யார்? வழக்கமாக நிகழ்வு ஆய்வு என்றால் ஒரு நோயாளி இருப்பார். இதில் நோயாளி யாரும் இல்லை. எல்லோரும் நல்ல உடல்வாகோடு, பயிற்சியோடு இருந்தவர்கள். எனக்கு இந்த நிகழ்வு இவ்வளவு முக்கியமாகப் படுவதற்குக் காரணமே அதுதான்.

அதுவரை எல்லோரும் நம்பியது

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிறோம். உச்ச வேகத்தில் ஓடும்போது அது 120, 150 லிட்டர் வரை போகும். பெரிய உடல்வாகுள்ள துடுப்புப் படகு வீரர்கள் 200 லிட்டரையும் தாண்டுவார்கள். இவ்வளவு ஏறினாலும் நுரையீரல் திணறுவதில்லை என்பதுதான் பாடப்புத்தகக் கருத்தாக இருந்தது. அதற்கு ஆதாரமும் இருந்தது. கடும் பயிற்சியின்போது பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு நன்றாகவே இருக்கிறது. கரியமில வாயு ஏறுவதில்லை, இறங்கத்தான் செய்கிறது. அதாவது தேவைக்கு மேலேயே மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஓட்டத்துக்கு வேலி போடுவது இதயமும் காலும்தான், மூச்சுக்கு அதில் பங்கில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

உதரவிதானத்தின் மேல் இருந்த மரியாதையும் ஒரு காரணம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடை போல விரிந்திருக்கும் தசை அது. சுருங்கும்போது குடை கீழே இறங்கும், நெஞ்சுக்கூடு விரியும், காற்று உள்ளே வரும். பிறந்த நிமிடத்திலிருந்து ஒரு நாள்கூட ஓய்வு எடுக்காத தசை. அதன் இழைகளில் பாதிக்கு மேல் மெதுவாகச் சோரும் வகை. நுண் ரத்தக் குழாய்கள் அடர்ந்து ஓடுகின்றன. இப்படி ஒரு தசை பத்து நிமிட சைக்கிளுக்கா சோர்ந்து போகும்?

சந்தேகத்தை முதலில் கிளப்பியவர்கள் மான்ட்ரியலில் இருந்தார்கள். சாரிஸ் ருசோஸும் பீட்டர் மாக்லெமும் 1977இல் ஆரோக்கியமானவர்களைத் தடை வைத்த குழாய் வழியாக மூச்சு இழுக்க வைத்தார்கள். உதரவிதானம் தன் உச்ச அழுத்தத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு மேல் ஒவ்வொரு மூச்சிலும் செலவழித்தால், அதை நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடிவதில்லை என்று கண்டார்கள். ஆக, உதரவிதானமும் சோரும். ஆனால் அது குழாயைக் கட்டி வலுக்கட்டாயமாகச் செய்த காரியம். ஓடும்போது அப்படி நடக்குமா என்பது வேறு கேள்வி.

1982இல் மாரத்தான் ஓடி முடித்த நான்கு பேரை அளந்து பார்த்தார்கள். மூடிய குழாயில் முழு பலத்தோடு உறிஞ்சச் சொல்லி அழுத்தத்தைப் பார்ப்பது ஒரு சோதனை. ஓட்டத்துக்கு முன்பு இருந்ததைவிடப் பின்பு அழுத்தம் குறைந்திருந்தது. எளிதாகச் செய்யக்கூடிய சோதனைதான். ஆனால் அதில் ஓட்டை இருந்தது. 42 கிலோமீட்டர் ஓடி வந்தவரிடம் ஒரு குழாயைக் கொடுத்து "முழு பலத்தோடு இழு" என்றால், அவர் உண்மையிலேயே முழு பலத்தையும் போடுவாரா? தசை சோர்ந்ததா, மனம் சோர்ந்ததா என்று எப்படிப் பிரிப்பது?

மனதை ஒதுக்கிவிட்டுத் தசையை மட்டும் கேட்பது

மேடிசன் குழுவின் திறமை இங்கேதான் தெரிகிறது. எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்து புறப்படுகிறது. தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் கழுத்து வேர்களிலிருந்து கிளம்பி, கழுத்தின் பக்கவாட்டுத் தசைக்கு அடியில் இறங்கி, நெஞ்சு வழியாக உதரவிதானத்துக்குப் போகிறது. இடம், வலம் என்று இரண்டு நரம்புகள். கழுத்தில் அந்த இரண்டு இடத்தையும் கண்டுபிடித்து, தோலுக்கு மேலிருந்தே ஒரே நேரத்தில் மின் துடிப்பு கொடுத்தால் உதரவிதானம் தானாகச் சுருங்கும். நல்ல பெரிய விக்கல் வந்த மாதிரி இருக்கும். இதில் ஆளின் விருப்பத்துக்கோ முயற்சிக்கோ வேலையே இல்லை. மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போய், இதற்கு மேல் கூட்டினாலும் தசையின் மின் எதிர்வினை கூடவில்லை என்ற இடத்தைத் தாண்டி நிறுத்துவார்கள். அப்போது எல்லா இழைகளும் வேலைக்கு வந்துவிட்டன என்று பொருள்.

சரி, சுருங்கியது. எவ்வளவு பலத்தோடு சுருங்கியது என்பதை எப்படி அளப்பது? மூக்கு வழியாக இரண்டு மெல்லிய குழாய்களை விழுங்க வைப்பார்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய பலூன். ஒன்று உணவுக்குழாயில் நெஞ்சளவில் நிற்கும். மற்றொன்று இரைப்பைக்குள் போய்விடும். உதரவிதானம் இறங்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் குறையும், வயிற்றுக்குள் கூடும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உதரவிதானத்தின் பலம். மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் ஆளுக்கொரு அளவுகோலை வைத்துவிட்டு நடுத்தளம் எவ்வளவு அசைந்தது என்று கணக்குப் போடுவது மாதிரி.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நுரையீரலில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைப் பொறுத்து உதரவிதானத்தின் நீளம் மாறும். நீளம் மாறினால் பலமும் மாறும். ஓடி முடித்தவரின் நெஞ்சில் கொஞ்சம் காற்று அதிகமாகத் தங்கியிருந்தாலே, தசை சோராமலே சோர்ந்த மாதிரி எண் காட்டும். அதனால் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே காற்றளவில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். இவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டதால்தான் அந்த முடிவுகள் இன்றுவரை நிற்கின்றன.

"சோர்வு" என்ற சொல்லுக்கும் அவர்கள் கறாரான பொருள் வைத்திருந்தார்கள். 1990இல் அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் கூட்டிய பட்டறையில் ஒரு வரையறை வந்தது. சுமையோடு வேலை செய்ததால் தசை தன் பலத்தையோ வேகத்தையோ இழக்க வேண்டும், ஓய்வெடுத்தால் அது திரும்பவும் வர வேண்டும். இரண்டும் இருந்தால்தான் சோர்வு. ஓய்வெடுத்தும் திரும்பவில்லை என்றால் அது பலவீனம், வேறு சங்கதி.

கண்டது என்ன

புரூஸ் ஜான்சன், மார்க் பாப்காக், ஆஸ்கர் சுமன், டெம்ப்ஸி ஆகிய நால்வரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் 12 ஆரோக்கியமானவர்கள் இருந்தார்கள். இரண்டு வெவ்வேறு சோதனைகள். ஒன்றில் தங்கள் உச்ச ஆக்சிஜன் நுகர்வில் (உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவில்) 85 சதவீத வேகத்தில், மற்றொன்றில் 95 சதவீத வேகத்தில், இனி முடியாது என்கிற வரைக்கும் போனார்கள். குறைந்த வேகத்தில் சராசரியாக அரை மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். அதிக வேகத்தில் ஏறத்தாழ 14 நிமிடம்.

முடித்த கையோடு கழுத்து நரம்பில் துடிப்பு கொடுத்தபோது உதரவிதானத்தின் பலம் தெளிவாகக் குறைந்திருந்தது. 95 சதவீத வேகத்துக்குப் பிறகு சராசரி இழப்பு கால் பங்குக்கும் மேல். ஆளுக்கு ஆள் வேறுபாடும் பெரிது. சிலருக்கு மிகக் குறைவு, சிலருக்கு மிக அதிகம். திரும்பி வரவும் நேரம் பிடித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் பலம் பழைய நிலையை நெருங்கியது. காலையில் தகுதிச் சுற்றும் கொஞ்ச நேரத்தில் இறுதிச் சுற்றும் வைக்கும் உள்ளூர்ப் போட்டி அட்டவணைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நினைவுக்கு வரும்.

பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொன்றையும் கவனித்தார்கள். தொடக்கத்தில் மூச்சு கூடக் கூட உதரவிதானத்தின் வேலையும் கூடியது. ஒரு கட்டத்துக்கு மேல் மூச்சு தொடர்ந்து ஏறியது, உதரவிதானத்தின் பங்கு மட்டும் ஏறவில்லை. மிச்ச வேலையை விலாத் தசைகளும் கழுத்துத் தசைகளும் இழுத்துப் போட்டுச் செய்தன. பத்தாவது சுற்றில் பிள்ளைகளின் கழுத்தில் புடைக்கும் கயிறு எது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தலைமை ஆள் தளரும்போது பக்கத்து ஆட்கள் வந்து கைகொடுக்கும் காட்சி அது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் குழப்பிக்கொள்வது இதில்தான். தசை சோர்ந்தது என்பதால் மூச்சு தோற்றுப்போனது என்று ஆகாது. அந்த 12 பேருக்கும் மூச்சளவு கடைசிவரை குறையவில்லை. உடலில் உதவிக்கு ஆள் இருக்கிறது. ஆகவே "ஓடும்போது மூச்சு நின்றுவிடுமோ" என்ற பயம் ஆரோக்கியமானவர்களுக்குத் தேவையில்லை. பழைய பாடப்புத்தகம் அந்த வகையில் சரிதான். அது கணக்கில் சேர்க்காமல் விட்டது, அந்த மூச்சைக் காப்பாற்ற உடல் கொடுக்கும் விலையை.

வேலை அவ்வளவு இல்லையே, பிறகு ஏன்?

ருசோஸும் மாக்லெமும் சொன்ன 40 சதவீத எல்லையை மறந்துவிட வேண்டாம். பயிற்சியின்போது உதரவிதானம் செய்யும் வேலையை அளந்தால், அது தனியாகவே சோர்வை உண்டாக்கும் அளவுக்கு வரவில்லை. அப்படியானால் ஏன் சோர்ந்தது?

1995இல் பாப்காக் குழு இதைச் சோதித்த விதம் அழகானது. ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பயிற்சியின்போது அவர்களுடைய உதரவிதானம் எவ்வளவு வேலை செய்ததோ, அதே அளவு, அதே நேரம், உட்கார்ந்த இடத்திலேயே வேண்டுமென்றே மூச்சு விடச் சொன்னார்கள். திரையில் அழுத்தக் கோடு ஓடும், அதைப் பார்த்துப் பார்த்து ஈடு கொடுக்க வேண்டும். முடித்த பிறகு நரம்பைத் தூண்டினார்கள். உதரவிதானம் சோரவில்லை. பயிற்சியில் செய்ததைவிட நன்றாகக் கூட்டிச் செய்தபோதுதான் சோர்ந்தது.

ஒரே தசை, ஒரே வேலை, ஒரே நேரம். உட்கார்ந்திருந்தால் சோர்வில்லை, கால் ஓடினால் சோர்வு. வித்தியாசம் காலில்தான் இருக்கிறது. கால் ஓடும்போது ரத்தத்துக்குப் போட்டி வருகிறது. வேலை செய்யும் பெரிய தசைகளிலிருந்து கழிவுகளும் ரத்தத்தில் கலந்து வருகின்றன. உதரவிதானத்துக்கு உட்கார்ந்திருக்கும்போது தாராளமாகக் கிடைத்த ரத்தம் இப்போது அப்படிக் கிடைப்பதில்லை. இந்தக் கேள்வி வந்தவுடன் ஆய்வின் திசையே திரும்பியது.

ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்குத் தண்ணீர்

கிரெய்க் ஹார்ம்ஸ் முன்னின்று 1997இல் வெளியிட்ட ஆய்வுதான், என் கணக்கில், இந்த நிகழ்வின் மையம். நல்ல பயிற்சியுள்ள 7 சைக்கிள் வீரர்கள். தொடையிடுக்குச் சிரையில் குழாய் போட்டு, அதில் குளிர்ந்த உப்புநீர் செலுத்தி, அதனால் ரத்தம் எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துக் காலின் ரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டார்கள். அந்த நிலையில் உச்ச வேகத்தில் சைக்கிள் மிதிக்க வேண்டும். அந்த ஏழு பேருக்கும் நான் மனதார நன்றி சொல்கிறேன்.

மூன்று விதமாகச் சோதனை. முதலில் சாதாரணமாக மூச்சு விட்டபடி. அடுத்ததில் வாயில் வைத்த குழாய் ஒரு செயற்கை சுவாசக் கருவியோடு இணைந்திருக்கும். ஆள் இழுக்கும் அளவுக்கு ஏற்றபடி கருவியும் காற்றைத் தள்ளிக் கொடுக்கும், மூச்சுத் தசையின் வேலை பாதிக்கும் மேலாகக் குறையும். மூன்றாவதில் குழாயில் தடை வைத்திருப்பார்கள், மூச்சு இழுப்பது கடினமாகும். மூன்றிலும் காலுக்கு ஒரே வேலைதான்.

மூச்சு கடினமானபோது காலுக்குப் போன ரத்தம் குறைந்தது. மூச்சு எளிதானபோது காலுக்கு ரத்தம் கூடியது. காலின் ரத்தக் குழாய்களே ஒன்றில் இறுகி, மற்றொன்றில் தளர்ந்தன. அடுத்த ஆண்டு இன்னொரு கணக்கும் வந்தது: உச்சப் பயிற்சியில் இதயம் வெளியேற்றும் மொத்த ரத்தத்தில் 14 முதல் 16 சதவீதம் வரை மூச்சுத் தசைகளுக்கே போகலாம். ஆறில் ஒரு பங்குக்கு நெருக்கம். 5,000 மீட்டர் ஓடுபவர் தன் இதயத்தின் வேலையில் இவ்வளவு பங்கு மூச்சு விடுவதற்கே செலவாகிறது என்று நினைத்திருப்பாரா?

கோடையில் தெருக்குழாயில் தண்ணீர் குறைவாக வரும்போது முதல் வீட்டில் மோட்டார் போட்டால் கடைசி வீட்டுக்குச் சொட்டுதான் வரும். உடல் அப்படி ஒரு மோட்டாரை மூச்சுத் தசைக்கு வைத்திருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் அதே குழுவினர் 2000, 2001 ஆண்டுகளில் காட்டினார்கள். மூச்சுத் தசை சோரும் அளவுக்கு வேலை செய்யும்போது அதில் கழிவுப் பொருள்கள் சேர்கின்றன. அவற்றை உணரும் நுண்ணிய நரம்பு இழைகள் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து நம் விருப்பத்துக்குக் காத்திராமல் தானாக இயங்கும் பரிவு நரம்பு வழியாக உத்தரவு இறங்கி, கையிலும் காலிலும் உள்ள ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. அசையாமல் படுத்திருக்கும் ஆளையே தடை வைத்த குழாயில் சோரும் வரைக்கும் மூச்சு இழுக்க வைத்தபோது, கொஞ்ச நேரத்தில் அவர் காலின் ரத்த ஓட்டம் குறைந்ததைப் பார்த்தார்கள். கால் ஒரு வேலையும் செய்யவில்லை. ஆனாலும் மூச்சுக்காக அதன் பங்கு பிடிக்கப்பட்டது.

இதை ஒரு குறை என்று நான் நினைக்கவில்லை. கால் நின்றால் ஆள் நின்றுவிடுவான், அவ்வளவுதான். மூச்சு நின்றால் கதை முடிந்தது. எதைக் காப்பாற்ற வேண்டும் என்று உடலுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் இது ஓட்டத்தில் எவ்வளவு தெரியும் என்ற கேள்வி. 2000இல் ஹார்ம்ஸ் குழு உச்ச நுகர்வில் 90 சதவீத வேகத்தில் வீரர்களை முடியாத வரைக்கும் மிதிக்க வைத்தது. கருவியின் உதவியோடு மூச்சு விட்டபோது தாக்குப்பிடித்த நேரம் சராசரியாக 14 சதவீதம் கூடியது. தடை வைத்தபோது 15 சதவீதம் குறைந்தது. "கால் கனக்குது", "மூச்சு முட்டுது" என்ற இரண்டு புகாரையும் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்லியிருந்தார்கள். மூச்சுக்கு உதவி கிடைத்தபோது இரண்டும் குறைந்தன. 2002இல் பாப்காக் குழு, அதே மாதிரிக் கருவி உதவியோடு மிதித்தால் உதரவிதானச் சோர்வே வருவதில்லை என்று காட்டியது. 2006இல் லீ ரோமரும் மற்றவர்களும் தொடை நரம்பைக் காந்தத்தால் தூண்டிப் பார்த்தார்கள். மூச்சுக்கு உதவி இருந்தால் தொடைத் தசையின் சோர்வும் குறைவாகவே இருந்தது.

ஆக, பிள்ளைகள் சொன்னது பொய்யில்லை. கால் உண்மையிலேயே கனத்தது. ஆனால் அந்தக் கனத்தின் ஒரு பகுதி நெஞ்சிலிருந்து இறங்கி வந்திருக்கிறது.

எல்லோருக்கும், எப்போதும் இல்லை

இதைப் படித்துவிட்டு மெதுவாக நடப்பவரும் மாலையில் பூங்காவைச் சுற்றி ஓடுபவரும் தங்கள் உதரவிதானத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உதரவிதானச் சோர்வு தெளிவாகத் தெரிவது உச்ச நுகர்வில் 80, 85 சதவீதத்துக்கு மேல், அதுவும் முடியாத வரைக்கும் போகும்போதுதான். மிதமான வேகத்தில் மூச்சு வேலையைக் கூட்டினாலும் குறைத்தாலும் காலின் ரத்த ஓட்டம் மாறவில்லை என்று அதே ஆய்வுக்கூடமே 1999இல் காட்டியது. இதயத்திடம் இன்னும் கையிருப்பு இருக்கும்போது பங்குச் சண்டை வருவதில்லை.

மூச்சுத் தசைதான் எப்போதும் ஜெயிக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. 2009இல் யோவானிஸ் வோகியாட்சிஸ் குழு விளையாட்டு வீரர்களின் விலாத் தசைகளில் ரத்த ஓட்டத்தை ஒளிக்கதிர் முறையில் அளந்தது. உட்கார்ந்த இடத்தில் வேகமாக மூச்சு விட்டபோது விலாத் தசைக்கு ரத்தம் ஏறிக்கொண்டே போனது. அதே அளவு மூச்சை உச்சப் பயிற்சியில் விட்டபோது ஏறவில்லை, இறங்கியது. அதாவது உச்சத்தில் காலும் தோற்கிறது, விலாவும் தோற்கிறது. பாப்காக் குழு நாற்காலியில் கண்டதோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆனால் "நெஞ்சு காலிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடவும் இது விடுவதில்லை.

பெண்கள் பற்றிய கண்டுபிடிப்பு என்னை ஆச்சரியப்பட வைத்தது. ஒரே உயரமுள்ள ஆணைவிடப் பெண்ணுக்கு மூச்சுக் குழாய்கள் சற்றுக் குறுகல், அதனால் கடும் பயிற்சியில் மூச்சு விடும் வேலை அதிகம். அப்படியென்றால் சோர்வும் அதிகம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? ஜோர்டன் கெனெட் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில் பெண்களுக்கு உதரவிதானச் சோர்வு ஆண்களைவிடக் குறைவாக இருந்தது. உதரவிதானத்தோடு சேர்த்து மற்ற மூச்சுத் தசைகளையும் அவர்கள் கூடுதலாகப் பயன்படுத்துவது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

பயிற்சி கொடுக்க முடியுமா

கை, கால் தசைக்கு எடை தூக்குவது போல மூச்சுத் தசைக்கும் எடை உண்டு. வாயில் வைத்து இழுக்கும் ஒரு சிறு கருவி. உள்ளே சுருள்வில் போட்ட அடைப்பு இருக்கும். குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் இழுத்தால்தான் திறக்கும். பரவலாகப் பயன்படும் முறை: தன் உச்ச உறிஞ்சு அழுத்தத்தில் பாதியை வைத்து, 30 மூச்சு, காலையும் மாலையும்.

துடுப்புப் படகு வீராங்கனைகள் 14 பேரை வைத்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில் 11 வாரம் இதைச் செய்தார்கள். துடுப்புப் போடுபவரின் நிலைமை கடினம். ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் முழங்கால் மடங்கித் தொடை வயிற்றில் வந்து முட்டும். உதரவிதானம் இறங்க இடமிருக்காது. அதோடு முதுகை விறைப்பாக வைத்திருக்கும் வேலைக்கும் அதே தசைகள்தான். ஒரு குழுவுக்கு உண்மையான தடை, இன்னொரு குழுவுக்குப் பெயரளவுக்கு லேசான தடை. 11 வார முடிவில் உண்மையான தடை வைத்தவர்களின் உறிஞ்சு அழுத்தம் 45 சதவீதம் கூடியது. மற்றவர்களுக்கு 5 சதவீதம். 6 நிமிட முழுவேகச் சோதனையில் கடந்த தூரம் முதல் குழுவுக்கு 3.5 சதவீதமும் மற்ற குழுவுக்கு 1.6 சதவீதமும் ஏறியது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் போட்டியில் முதலிடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவில் அந்த அளவுகூட இருப்பதில்லை.

எல்லா ஆய்வும் இப்படி நல்ல பலன் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிப்படியாக வேகத்தைக் கூட்டும் சோதனையில் உச்ச ஆக்சிஜன் நுகர்வு பொதுவாக மாறுவதில்லை. பலன் தெரிவது நேரத்தோடு போட்டி போடும் சோதனைகளிலும் தாக்குப்பிடிக்கும் சோதனைகளிலும்தான். கருவியை வாங்கிவிட்டால் மைதானத்தில் ஓட வேண்டாம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

மைதானத்துக்குத் திரும்பி

மூச்சு வாங்குகிறது என்று வரும் எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஓடி நிறுத்திய சில நிமிடங்களில் இருமலும் விசில் சத்தமும் கூடினால் அது பயிற்சியால் வரும் ஆஸ்துமாவாக இருக்கலாம். உச்ச வேகத்தில் மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்து, நின்றதும் மளமளவென்று சரியானால் குரல்வளை குறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமான வேகத்திலேயே திடீரென்று இளைப்பு வர ஆரம்பித்தால், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, ரத்தசோகையைச் சோதிக்க வேண்டும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் ஓட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி இதய மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சுத் தசைச் சோர்வு என்பது இவையெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு பேச வேண்டிய பேச்சு.

என் பழக்கத்தில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஓடி முடித்தவர்களைப் பார்த்து "குனியாதே, நிமிர்ந்து நில்லு" என்று கத்துவதை விட்டுவிட்டேன். முட்டியில் கையை ஊன்றினால் தோள்பட்டை ஓரிடத்தில் நிலைக்கிறது. கழுத்திலும் மார்பிலும் உள்ள தசைகள் அந்தப் பிடிப்பில் நின்று விலாவைத் தூக்க முடிகிறது. குனியும்போது உதரவிதானமும் நல்ல குடை வடிவத்துக்குத் திரும்புகிறது. 2019இல் கால்பந்து வீராங்கனைகளை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வில், தலைக்கு மேல் கையைக் கோத்து நின்றதைவிட முட்டியில் கை ஊன்றி நின்றபோது இதயத்துடிப்பு வேகமாகத் தணிந்தது. பிள்ளைகள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இன்னொன்று, போட்டிக்கு முந்தைய பத்து நிமிடம். வழக்கமான மெது ஓட்டம் காலைச் சூடாக்கிவிடும், மூச்சுத் தசையை அவ்வளவாக எட்டாது. உச்ச உறிஞ்சு அழுத்தத்தில் 40 சதவீதத் தடை வைத்து 30 மூச்சு வீதம் இரண்டு முறை இழுத்த பிறகு துடுப்பு வீரர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று படித்திருக்கிறேன். எங்களிடம் கருவி ஒன்றுதான் இருக்கிறது. வாய்க்குழாயை மட்டும் ஆளுக்கொன்றாக வாங்கி, மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம்.

போன மாதம் ஒருவன் பத்தாவது சுற்றில் நின்றுவிட்டான். வழக்கம்போலத்தான் சொன்னான், கால் கனத்துடுச்சு அண்ணா என்று. "தம்பி, கால் கனக்கிறதுக்கு முன்னாடி கழுத்து இறுகுச்சா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு விரலை வைத்துக் காட்டினான், "ஆமாண்ணா, எட்டாவது சுத்துலயே."

எட்டாவது சுற்று என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவன் ஏழாவது சுற்றின் வேகத்தைத்தான் மாற்றிப் பார்க்கிறோம்.